மூணு தடவையும் நடந்தே போனாள்

ஏனுங்கக்கா, மணி என்னாச்சுங்க? எட்டே முக்காலா? அட கெரகமே, இன்னும் அவிநாசியே தாண்டலியே! பத்து மணிக்குள்ள நான் போய்ச் சேந்தாகணுமுங்க. கோயமுத்தூருக்கு இந்தப் பக்கம், மெயின் ரோட்டு மேலயே ஒரு பொம்பளப் புள்ளைங்க காலேஜ் இருக்குதில்லீங்க? பெரிய ஆர்ச் வெச்சு? அங்கதான். பத்து மணிக்கு என்ற புள்ளைக்கு அங்க செலக்சன். இன்னைக்கி விட்டா இந்த வருசத்துக்கு வேற காலேஜே இல்லீங்க. அதான் உக்கார முடியாம உக்காந்திருக்கேன். காலை ஆட்டறேன்னு ஒண்ணும் நெனச்சுக்காதீங்க, அதுவா ஆடுது.

கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன், கிரிக்கெட் இல்லீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. இது பேஸ்பால். மட்டை உருண்டையா இருக்கும், உலக்கையைச் சின்னதாச் செதுக்குனாப்புல. நிக்கறவ காலுக்குப் பக்கத்துல தரையில ஒரு வெள்ளப் பலகை. பந்து அந்தப் பலகைக்கு மேல, முட்டிக்கும் நெஞ்சுக்கும் நடுவால வந்தா அது நல்ல பந்து. அக்கட்டால இக்கட்டால போச்சுன்னா கெட்ட பந்து. நல்ல பந்து மூணு விட்டா அவுட்டு, கெட்ட பந்துன்னாலும் மட்டைய வீசித் தவறினா அதும் அந்த மூணுல சேரும். கெட்ட பந்து நாலு போட்டாங்கன்னு வைங்க, அடிக்கவே வேண்டாம், மட்டையைக் கீழ போட்டுட்டு ஒண்ணாம் பேஸுக்கு, அதான் ஓடிப் போய்ச் சேர வேண்டிய மொத எடத்துக்கு, ஜம்முனு நடந்து போயிரலாம். அவ்வளவுதானுங்க. எனக்கே ஒரு வாரத்துல புரிஞ்சு போச்சு. அவிங்கப்பா டையிங்ல, சாயப்பட்டறைல வேல, அவருக்கு இன்னிய வரைக்கும் பேஸ்பாலுக்கும் புட்பாலுக்கும் வித்தியாசம் தெரியாது.

என்ற பேரு பரிமளாங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங். இருவத்திரண்டு வருசமாச்சு. தைச்சு வர்ற பீஸை மேசை மேல விரிச்சுப் பாக்கணும். தையல் விட்டிருக்கா, பொத்தல் இருக்கா, எண்ணெய்க் கறை இருக்கா. இருந்துதுன்னா ஸ்டிக்கர் ஒட்டித் தூக்கி எறிஞ்சுரணும். ரிஜக்ட்! ஒரு கெட்ட பீஸ் கண்ணுல தப்பிப் பொட்டிக்குள்ள போச்சுன்னா மொத்த லாட்டும் திரும்பி வந்துரும். நான் செக்கிங் பண்ணினது இது வரைக்கும் ஒண்ணு திரும்பி வந்ததில்லீங்க. எங்க சூப்பர்வைசர் தங்கவேலண்ணன் புதுசா வர்ற புள்ளைங்ககிட்ட, "பரிமளாக்கா கண்ணைப் பாத்துக் கத்துக்க"ன்னுதான் சொல்லுவாரு.

அந்தக் கண்ணைத்தானுங்க நான் என்ற புள்ளைக்குக் குடுத்தேன். கோகிலவாணின்னு பேரு, வாணி வாணின்னு கூப்புடுவோம். பத்தாவதுல இருந்தே பள்ளிக்கூட டீம்ல இருக்கா. அவிங்க பி.டி. மிஸ் கலாமணி மிஸ்ஸுதான் அவளைச் சேத்து விட்டாங்க. ஞாயித்துக்கெழம காத்தால எங்க லைன் வீட்டுக்குப் பின்னால காலி இடத்துல அவளை நிறுத்தி, கம்பெனி வேஸ்ட்டுத் துணியை உருட்டி நூல் சுத்திப் பந்தாக்கி, நானே போடுவேன். அவ மட்டைய வீசக் கூடாது. மட்டையைத் தோள்ல வெச்சுக்கிட்டு, வர்ற பந்தைப் பாத்து "ஓகே", "ரிஜக்ட்"னு சொல்லணும், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு இருநூறு பந்து. மொதல்ல தப்புத் தப்பாச் சொல்லுவா, ஒரு தட்டு தட்டுவேன். ரெண்டு மாசத்துல பாருங்க, பந்து என்ற கையை விட்டுக் கெளம்புறப்பவே சொல்லிப்போடுவா!

போன வருசம் மாவட்டப் போட்டில எத்தன தடவை சும்மாவே நடந்து பேஸுக்குப் போனா தெரியுங்களா? பந்து போடற புள்ளைங்களே அழுதுருவாங்க. கெட்ட பந்தைத் தொடவே மாட்டேன்னு நின்னா அவங்க என்னதான் பண்ணுவாங்க? நாங்கதான் கப்பு அடிச்சோம். கலாமணி மிஸ் எல்லாரு முன்னாலயும், "வாணி பேஸ்ல நின்னா பாதி ஜெயிச்சாப்புல"ன்னாங்க. அன்னைக்கி நான் பட்ட சந்தோசம் இருக்குதே, அது எனக்குத்தான் தெரியும்.

பாருங்க, பஸ்ஸை ஓரங்கட்டிட்டான். ரோட்டு வேலையாமா. இன்னைக்கின்னு பாத்துத்தான் நோண்டுவானுங்க. மணி என்னங்கக்கா? ஒம்போதா? மாரியாத்தா, சித்த தள்ளி விடு தாயி.

எங்க விட்டேன்? ஆங், மொதல் செலக்சன். பன்னண்டாவது முடிஞ்சுது. மார்க்கு ரொம்பச் சுமாருங்க, பொய் சொல்லக் கூடாது. காசு கட்டிப் படிக்க வெக்கற தெம்பும் எங்களுக்கு இல்ல. ஆனா வெளையாட்டுல எடுத்துட்டாங்கன்னா படிப்பு, ஹாஸ்டல், சோறு எல்லாமே காலேஜே பாத்துக்கும். இந்த ஒரு கதவுதான் தொறந்திருக்குது. இதும் சாத்திட்டா கம்பெனிதான். நான் பதினாறு வயசுல உள்ள போனவ, இன்னும் அந்த மேசைகிட்டத்தான் நிக்கறேன். வேலையக் கேவலமாச் சொல்லலீங்க, சோறு போட்ட வேல. ஆனா அவளும் அங்க நிக்கறதை என்னால பாக்க முடியாதுங்கக்கா.

ஈரோட்டுப் பக்கம் ஒரு காலேஜுங்க, போன மாசம். நானும் லீவு போட்டுட்டு அவளைக் கூட்டிட்டுப் போனேன். போற வழில பஸ்ஸுல கேக்கறா, "அம்மா, இன்னைக்கி ஒருக்கா முழுசா வீசிப் பாக்கட்டா?" எனக்கு வந்துச்சே கோவம்! "வெளையாட்டா இருக்குதாடி உனக்கு? உன்ற வாழ்க்கை இது. நல்ல பந்து வந்தா மட்டும் தொடு, இல்லீன்னா கம்முனு நில்லு"ன்னேன். அப்பறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. நல்லா மனசுல வாங்கிக்கிட்டான்னு நெனச்சுக்கிட்டேன்.

நாப்பது புள்ளைங்க வந்திருந்தாங்க. ஒருத்திக்கு மூணு தடவை நிக்கற வாய்ப்பு. செலக்சன் பண்ற மேடம் கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு, கையில அட்டையும் பேப்பருமா ஒரு நாற்காலில உக்காந்திருந்தாங்க. நான் கம்பி வேலிகிட்ட, எங்க வாணி நிக்கற எடத்துக்கு நேர் பின்னால எடம் பிடிச்சுட்டேன். பந்து போட்ட புள்ள இருக்குதே, அதுக்குக் கை ஒரு பக்கம் போவுது, பந்து ஒரு பக்கம் போவுது. எனக்கா சந்தோசம் தாங்கல. கெட்ட பந்தாப் போடறா, நம்ம புள்ளைக்குக் கேக்கணுமா?

மொத தடவை நாலும் கெட்ட பந்து. "விடு கண்ணு, விடு கண்ணு"ன்னு வேலிக்குப் பின்னால இருந்து சொல்லிக்கிட்டே இருந்தேன். நாலையும் விட்டா, நடந்து போனா. ரெண்டாவது தடவையும் அதே கதை. மூணாவது தடவை நிக்கறப்ப அவ மொகம் என்னமோ மாதிரி இருந்துச்சுங்க, வெறி புடிச்சாப்புல. மூணு கெட்ட பந்து ஆச்சு. நாலாவது பந்து நெஞ்சுக்குக் கொஞ்சம் மேலால வருது, ஒரு நாலு வெரல் மேல. இவ மட்டையத் தூக்கிட்டா! இடுப்பு திரும்பிருச்சு! எனக்கு உசுரே போச்சு. "விடுடீ!"ன்னு ஒரு கத்து கத்துனேன் பாருங்க, கிரவுண்டே திரும்பிப் பாத்துச்சு. என்ற குரல் கேட்டதும் மட்டை அந்தரத்துல அப்படியே நின்னுச்சுங்க. அப்படி ஒரு கட்டுப்பாடு! எந்தப் புள்ளைக்கு வரும் அது? பந்து போயிருச்சு, கெட்ட பந்துன்னு கையக் காட்டிட்டாங்க. மூணு தடவையும் நடந்தே போனா. நாப்பது புள்ளைல ஒருக்காக்கூட அவுட்டாகாதவ என்ற மவ ஒருத்திதான்.

பேரு வாசிச்சாங்க. பதினோரு பேரு. வாணி பேரு இல்ல.

நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்க? நேரா அந்த மேடம்கிட்டப் போயிட்டேன். "மேடம், என்ற புள்ள ஒருக்காக்கூட அவுட்டாகலீங்க"ன்னேன். அவங்க அந்தப் பேப்பரைத் திருப்பிக் காட்டறாங்க. வாணி பேருக்கு நேரா ஒண்ணுமே இல்ல, வெறும் கட்டம். "அவுட்டாகலம்மா. ஒருக்காக்கூட அடிக்கவும் இல்ல. நான் என்னத்தை எழுதறது?"ங்கறாங்க.

அப்பறம் எனக்குப் பாடம் எடுக்கறாங்க. "இது மேட்ச் இல்லம்மா, ஜெயிக்கறதுக்கு. இங்க அவ எப்படி அடிப்பான்னு காட்டணும். மட்டை எவ்வளவு வேகமா வருது, இடுப்பு எப்படித் திரும்புது, காலு எங்க நிக்குது, அதைத்தான் நாங்க பாக்கறோம். தவறினாலும் பரவால்ல. பயப்படாம மொத பந்துல இருந்தே முழு மூச்சா வீசற புள்ளைய நாங்க திருத்திக்குவோம். நிக்கறவளை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? அவளுக்கு அடிக்கத் தெரியுமா தெரியாதான்னே எனக்குத் தெரியலயே." இப்படிப் போகுது அவங்க நியாயம்!

நீங்களே சொல்லுங்கக்கா. ராசிபுரத்துப் புள்ள ஒண்ணு மூணு தடவையும் அவுட்டு. ஒருக்கா வீசின வீச்சுல பந்து எங்கயோ போவுது, இவ சுத்திக் கீழயே உக்காந்துட்டா, எல்லாரும் கொல்லுனு சிரிக்கறாங்க. அவளுக்குச் சீட்டு! எங்க கம்பெனில இப்படிச் செக்கிங் பண்ணினா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்க. பந்து போட்டவ ஒழுங்காப் போடாததுக்கு என்ற புள்ள என்ன பண்ணும்? எல்லாஞ் சேந்து அவ வாயில மண்ணைப் போட்டுட்டாங்க.

அன்னைல இருந்து வாணி என்கிட்டச் சரியாப் பேசறதில்ல. அந்த மேடம் மேல கோவம், பாவம். யாரு மேல காட்டுவா? பெத்தவ மேலதான் காட்டுவா. சாப்புடறியான்னா "ம்". தூங்கறியான்னா "ம்". ஒரு வாரம் போச்சு. திங்கக்கெழம காத்தால குளிச்சுத் துணி மாத்திட்டு வந்து நிக்கறா. "நானும் கம்பெனிக்கு வரேம்மா. சும்மா உக்காந்திருந்து என்ன பண்றது?"ங்கறா. கைமடி வேலைக்குச் சேத்தாங்க. டெய்லருக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டுத் துணி எடுத்துக் குடுக்கறதும் அடுக்கறதும். நான் என்ற மேசைல இருந்து பாக்கறேன். கை என்ன வேகமுங்கறீங்க! தங்கவேலண்ணன் வந்து, "அக்கா, புள்ளைக்கு நல்ல கையி. நிரந்தரமாவே போட்டுரலாமா?"ன்னு கேக்கறாரு. நல்ல மனுசன், நல்லதுக்குத்தான் கேக்கறாரு. பாத்ரூமுக்குப் போயிக் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேங்க. இருவத்திரண்டு வருசத்துல கம்பெனிக்குள்ள நான் அழுதது அன்னைக்கி ஒரு நாள்தான்.

அன்னைக்கே கலாமணி மிஸ் வீட்டுக்கு ஓடினேன். கால்ல விழாத குறைதான். "எங்கயாச்சும் இன்னொரு செலக்சன் பாத்துக் குடுங்க மிஸ், அவ கம்பெனில வேர் விட்டுருவா"ன்னேன். அவங்க நாலு எடத்துக்குப் போன் போட்டு இந்தக் காலேஜைக் கண்டுபுடிச்சாங்க. கடைசி செலக்சன் இது. தெனமும் அவங்களே வந்து கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போயிப் பந்து போட்டாங்க. நானும் வாணிகிட்ட, "வாடி, துணிப்பந்து போடறேன்"னேன். "வேண்டாம்மா, மிஸ் போடறாங்க"ன்னுட்டா. எனக்குக் கை வலிக்குமேன்னு பாக்கறா. கோவமா இருந்தாலும் பாசம் எங்க போகும்?

இன்னைக்கிக் காத்தால கெளம்பறப்பவும் அதேதான். "அம்மா, நீ லீவு போடாத. ஷிப்மென்ட் இருக்குதுல்ல"ங்கறா. என்ற லீவைப் பத்தி அவளுக்கு எம்புட்டு அக்கறை பாருங்க! மிஸ் வேற என்னைத் தனியாக் கூப்ட்டு, "நீங்க வராம இருந்தா நல்லதுங்க. அவளுக்குப் பதட்டமாயிருது"ன்னாங்க. பதட்டமாமா! பெத்தவ நின்னா தெம்பு வருமா, பதட்டம் வருமா? படிச்சவங்க, ஆனா புள்ள பெத்தவங்க இல்ல. சரி சரின்னு தலைய ஆட்டிட்டு, அவங்க ரெண்டு பேரும் ஆறு மணி பஸ்ஸுல போனதும், அரை நாள் லீவு சொல்லிட்டுப் பின்னாலயே வந்துட்டேன். அங்க போயி அந்த ஆர்ச்சுக்குள்ள நுழைஞ்சா கண்டுபுடிச்சுக்க மாட்டனா?

இல்லீங்க, இன்னைக்கி நான் கத்த மாட்டேன். மாரியாத்தா மேல சத்தியம். அதுக்குத்தான் இந்தக் கிளிப்பச்சைச் சேலை. எம்புட்டுத் தொலைவுல நின்னாலும் தெரியுமில்லீங்க? நல்ல பந்துன்னா முந்தானையத் தூக்குவேன், கெட்ட பந்துன்னா எறக்கிருவேன். பாத்தாளுன்னா புரிஞ்சுக்குவா. நானில்லாம தனியா நின்னு அவளுக்கு எது நல்லது, எது கெட்டதுன்னு எப்படித் தெரியும்? பயமா இருக்குதுங்கக்கா. நெசமாலுமே பயமா இருக்குது. இன்னைக்கி ஒரு பந்தைத் தப்பாத் தொட்டான்னா நாளைக்குக் காத்தால அந்த டெய்லர் பக்கத்துல நிப்பா. அதுக்கப்பறம் வருசம் எப்படிப் போவுதுன்னே தெரியாது. எனக்குத் தெரியலியே.

கெளம்பிட்டான், அப்பாடா. கருமத்தம்பட்டி வந்துருச்சுங்களா? ஒம்போதரைதானா? போயிரலாம். போயிரலாமுங்களா?

இருங்க, இருங்க. போன் அடிக்குது. கலாமணி மிஸ்ஸு. என்னமோ ஏதோ தெரியலியே.

ஹலோ மிஸ்? ஆமாங்க, சொல்லுங்க. கேக்குதுங்க, சத்தமாச் சொல்லுங்க. என்னது, முடிஞ்சுதா? பத்து மணின்னுதானுங்களே சொன்னாங்க! வெயிலுக்கு முன்னால எட்டுக்கே ஆரம்பிச்சுட்டாங்களா? அய்யோ... சரி, என்னாச்சு? நின்னாளா? என்ன, மொத பந்தையே வீசிட்டாளா? எங்க வந்துச்சு? கழுத்து ஒசரத்துலயா? அது ரிஜக்ட் பந்தாச்சே மிஸ், அதைப் போயி... தவறிருச்சா? அதானே! நான் இருந்திருந்தா... ரெண்டாவதும் வீசிட்டாளா? அதும் கெட்ட பந்தா? என்ன மிஸ் நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டு... அடிச்சுட்டாளா? எங்க? எம்புட்டுத் தூரம்? கடைசில நின்ன புள்ள தலைக்கு மேலயா? அப்பறம்? அந்தக் காலேஜ் மேடம் கூப்ட்டாங்களா? இன்னும் பத்துப் பந்து போடச் சொன்னாங்களா? பத்தையும் வீசினாளா? ... எழுதிட்டாங்களா? யாரு பேரை? வாணி பேரையா? மிஸ், நெசமாத்தான் சொல்றீங்களா? ஹாஸ்டலோடவா?

அக்கா, எழுதிட்டாங்களாமாங்கக்கா! என்ற புள்ள பேரை எழுதிட்டாங்களாமா! அழுவலீங்க, நான் ஒண்ணும் அழுவல. கெட்ட பந்தைப் போயி அடிச்சிருக்கா கழுதை. அதைப் பாத்துட்டு எழுதியிருக்காங்க.

ஆ மிஸ், குடுங்க, அவகிட்டக் குடுங்க. கண்ணு! வாணி! சாமி, என்ற தங்கமே! கேட்டேன், மிஸ் சொன்னாங்க எல்லாம். சாப்ட்டியா? கை வலிக்குதா? ... நானா? நான் எங்க இருப்பேன், கம்பெனிலதான். சத்தமா? அது... கட்டிங் மெஷினுடி, பக்கத்துல ஓடுது. ... ம். ... ம். ஆமா கண்ணு. ஆமா. சரி. பத்தரமா வா. சரி, வெச்சரட்டா?

...

இல்லீங்க, ஒண்ணுமில்ல. தண்ணி இருக்குதுங்க எங்கிட்ட. வேண்டாங்க.

என்ன சொன்னாளா? "நல்ல வேளைம்மா, நீ வரல"ன்னா.

கோவமாச் சொல்லலீங்கக்கா. கோவமாச் சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன், அதோட போயிருக்கும். சிரிச்சுக்கிட்டே சொன்னா. ஈரோட்டுக்குப் போயிட்டு வந்ததுல இருந்து அவ சிரிச்சு நான் கேக்கலீங்க. அப்படி வாய் நெறையச் சிரிச்சு, எனக்கு ஒரு நல்ல சேதி சொல்றாப்புல சொன்னா. எனக்கும் சந்தோசமா இருக்கும்னு நெனச்சுத்தான் சொல்லியிருக்கா. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க.

நான் ஆமான்னுட்டேன். கேட்டீங்கல்ல? ஆமா கண்ணுன்னேன்.

கண்டக்டரே! ஏனுங்க கண்டக்டரே, ஒரு ஆள் எறங்கணும், நிறுத்துங்க! இல்லீங்க, காலேஜ் வரைக்கும்தான் டிக்கெட்டு, பரவால்ல, இங்கயே எறங்கிக்கறேன். அவங்க ரெண்டு பேரும் இந்நேரம் பஸ்ஸுக்காக ரோட்டுல வந்து நிப்பாங்க. இந்தப் பச்சைச் சேலை தொலைவுல இருந்தே தெரியும். எதிர் பஸ்ஸைப் புடிச்சேன்னா பதினோரு மணிக்குள்ள மேசைக்குப் போயிருவேன். பொழுதோட அவ வந்து எல்லாத்தையும் மொதல்ல இருந்து சொல்லுவா, நான் கம்பெனில இருந்தவளா உக்காந்து கேக்கணும். வரேங்கக்கா. பையை எடுத்துக்கறேன், சித்த காலை நவுத்துங்க.